பதில் வராத மீட்டர் பூஜ்ஜியம் அல்ல: பிறை ஆலையில் ஓர் ஆர்.எஸ்.485 பழுதுபார்ப்பு

பினாங்கின் பெருநிலப் பக்கம், பிறையில், உறைய வைத்த ரொட்டி சானாய் செய்யும் ஆலை ஒன்று. 11 கிலோவோல்ட்டில் மின்சாரம் வாங்கி, சொந்த டிரான்ஸ்ஃபார்மரில் 400 வோல்ட்டுக்கு இறக்கிக்கொள்ளும் அளவுக்குப் பெரியது. மாவு பிசையும் மிக்சர்கள், சுடும் கல் வரிசை, காற்று கம்ப்ரசர், குளிர்நீர் இயந்திரம், இரண்டு உறைகலன்கள், கூரை மேல் சோலார். எந்தப் பகுதிக்கு எவ்வளவு போகிறது என்று பார்க்க எட்டு மீட்டர்களைப் பொருத்தி, எல்லாவற்றையும் ஒரே கம்பியில் கோத்து, ஒரு கேட்வே (மீட்டர்களைக் கேட்டு எண்களைத் தொகுக்கும் பெட்டி) வழியாக அலுவலகத் திரையில் காட்டும்படி சில ஆண்டுகளுக்கு முன்பே ஏற்பாடு செய்திருந்தார்கள். அந்தக் கேட்வே பார்வையாளர் மட்டுமில்லை. மொத்த லோடு ஏறும்போது குளிர்நீர் இயந்திரத்தையும், உறைகலனின் பனி உருக்கும் ஹீட்டரையும் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கும் வேலையும் அதற்கு உண்டு.

என்னைக் கூப்பிட்டது பில்லுக்காக. நடுத்தர மின்னழுத்தத்தில் இணைப்பு வாங்கும் ஆலைகளுக்கு யூனிட் கணக்கு தனி, மேக்சிமம் டிமாண்ட் (எம்.டி.) தனி. அந்த மாதத்தில் எந்த 30 நிமிடத்தின் சராசரி கிலோவாட் மிக உயர்ந்ததோ, அதற்கும் காசு கட்ட வேண்டும். ஒரே ஒரு அரை மணி நேரம் கைமீறினால் போதும், மாதம் முழுவதும் சிக்கனமாக இருந்ததற்குப் பலன் இல்லை. இங்கே பில்லில் வந்த எம்.டி. 900 கிலோவாட்டை ஒட்டியிருந்தது. அதே மாதம் ஆலையின் சொந்தத் திரையோ 800-க்குப் பக்கத்தில்தான் உச்சம் காட்டியது.

கணக்கைப் பார்த்துக்கொள்ளும் அக்கா இரண்டு தாளையும் முன்னால் வைத்து, "மின்வாரிய மீட்டர் சரியா, நம்ம திரை சரியா, அதை மட்டும் சொல்லுங்க தம்பி" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் பதில் இரண்டு மீட்டரிலும் இல்லை, இடையில் ஓடிய கம்பியில் இருந்தது. ஸ்மார்ட் கிரிட் என்று பெரிதாகப் பேசும் எல்லாமே கடைசியில் இப்படியொரு கம்பியிலோ, ரேடியோவிலோ, கண்ணாடி இழையிலோ போய் நிற்கிறது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் திரை

கம்பியைத் தொடுவதற்கு முன் பழைய பதிவுகளைப் பார்த்தேன். பத்து விநாடிக்கு ஒரு வாசிப்பு. உறைகலன் மீட்டரின் வரைபடத்தில் கோடு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று செங்குத்தாகப் பூஜ்ஜியத்தில் விழும், அடுத்த வாசிப்பிலோ அதற்கடுத்ததிலோ பழைய இடத்துக்கே ஏறிவிடும். ஆலையில் எல்லோரும் அதைக் கம்ப்ரசர் நின்று ஓடுவதாகவே எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அளவு கம்ப்ரசர் பத்து விநாடிக்கு ஒருமுறை நின்று ஓடினால் அது ஒரு மாதம்கூடத் தாங்காது. இன்னொன்றும் கண்ணில் பட்டது. உறைகலன் கோடு விழும் அதே நொடியில் சில நேரம் முதன்மை மீட்டரும் பூஜ்ஜியம். ஆலை முழுக்க அந்த நொடியில் இருட்டானதா? யாருக்கும் அப்படி ஒரு நினைவு இல்லை.

கேட்வேயின் நிரலைத் திறந்து பார்த்ததும் விஷயம் விளங்கியது. மீட்டர் பதில் சொல்லாவிட்டால் அந்த இடத்தில் 0 என்று எழுதி வைக்கும்படி அமைத்திருந்தார்கள். 'பதில் வரவில்லை' என்பதும் 'மின்சாரம் ஓடவில்லை' என்பதும் திரையில் ஒரே எண்ணாகிவிட்டன.

இதன் விலையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்து விநாடிக்கு ஒன்று என்றால் 30 நிமிடத்தில் 180 வாசிப்புகள். உண்மையான லோடு சீராக 900 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். அதில் 20 வாசிப்புகள் பூஜ்ஜியமாகப் பதிந்தால் சராசரி 800 ஆகிவிடும். அக்கா காட்டிய இரண்டு தாளுக்கும் இடையிலிருந்த வித்தியாசம் ஏறக்குறைய இதே அளவு. கேட்வேயும் இந்தக் குறைந்த சராசரியை நம்பித்தான் முடிவெடுத்தது. இன்னும் இடமிருக்கிறது என்று நினைத்துக் குளிர்நீர் இயந்திரத்தை ஓட விட்டது. எம்.டி.யைக் குறைக்க வைத்த கருவியே அதை ஏற்றிக்கொண்டிருந்தது.

நிரலில் அந்த ஒரு வரியை மாற்றுவது எளிது. ஆனால் அத்தனை வாசிப்புகள் ஏன் தொலைகின்றன என்று தெரியாமல் அதை மட்டும் மாற்றினால், ஓட்டையான கோடு ஒன்றுதான் மிஞ்சும். எனவே கம்பிக்குப் போனோம்.

ஓம் மீட்டர் சொன்னது

ஆலையின் சார்ஜ்மேன் அண்ணன் வயதில் மூத்தவர், எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்று பெற்றவர். பேனலைத் திறப்பது, சப்ளையைத் துண்டிப்பது, பூட்டுப் போட்டு அட்டை மாட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. மின்வாரியம் முத்திரையிட்ட மீட்டரை நாங்கள் தொடவே இல்லை. எங்கள் எட்டு மீட்டர்கள் அதற்குப் பிறகு வருபவை. இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சி.டி.யின் (பெரிய மின்னோட்டத்தை மீட்டருக்கு ஏற்றபடி சிறிதாக்கித் தரும் சுருள்) இரண்டாம் சுற்றை மின்சாரம் ஓடும்போது ஒருபோதும் திறக்காதீர்கள். முனைகளில் உயிரைப் பறிக்கும் அளவு மின்னழுத்தம் ஏறும். மீட்டரைக் கழற்ற வேண்டுமானால் முதலில் அந்தச் சுற்றின் முனைகளை ஒன்றாக இணைக்கும் ஷார்ட்டிங் பிளாக்கை மூட வேண்டும்.

மீட்டர்கள் பேசும் மொழி மோட்பஸ். 1979-இல் மோடிகான் நிறுவனம் தன் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்காக உருவாக்கியது. அது ஓடும் பாதை ஆர்.எஸ்.485, இரண்டு கம்பிகள்: ஏ, பி. இரண்டுக்கும் இடையிலான மின்னழுத்த வித்தியாசம்தான் செய்தி. வித்தியாசம் ஒரு திசையில் 200 மில்லிவோல்ட்டுக்கு மேல் இருந்தால் 1, எதிர்த் திசையில் 200-ஐத் தாண்டினால் 0. நடுவில் இருந்தால் எப்படி எடுத்துக்கொள்வது என்பதற்குத் தரவரையறையில் உத்தரவாதம் கிடையாது. இந்த நடுப்பகுதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கதை முழுவதும் அங்கேதான் நடக்கிறது.

கம்பியின் இரண்டு கோடியிலும் 120 ஓம் முனைத்தடை ஒவ்வொன்று இருக்க வேண்டும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஏ-க்கும் பி-க்கும் நடுவே ஓம் மீட்டரை வைத்தால் இரண்டு 120-உம் இணையாகச் சேர்ந்து 60-க்குச் சற்றுக் கீழே காட்ட வேண்டும். இங்கே 40-க்கும் கீழே காட்டியது. மூன்று 120 இணையாக இருந்தால்தான் 40 வரும். கோடியில் இல்லாத ஏதோ ஒரு மீட்டரில் மூன்றாவது தடை ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொன்றாகத் தேடியதில் காற்று கம்ப்ரசர் அறையிலிருந்த ஐந்தாம் மீட்டரின் பின்பக்கம், சின்ன டிப் ஸ்விட்ச் ஒன்று மேலே தள்ளியிருந்தது. மீட்டருக்குள்ளேயே இருக்கும் முனைத்தடையை இணைக்கும் ஸ்விட்ச் அது.

"ஒரு ரெசிஸ்டர் கூடுதலா இருந்தா இவ்வளவு ஆகுமா தம்பி?" என்று அண்ணன் கேட்டார். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பொதுவாகச் சொல்லப்படும் பதில் இந்த இடத்துக்குப் பொருந்தாது. முனைத்தடை இல்லாவிட்டால் அலை கோடியில் மோதித் திரும்பிச் செய்தியைக் குலைக்கும் என்பார்கள். வேகமான இணைப்பில் அது உண்மை. நம் கம்பி ஓடுவது விநாடிக்கு 9600 பிட் வேகத்தில். ஒரு பிட் 104 மைக்ரோவிநாடி நீளும். ஆலைக்குள் இருக்கும் நூறு மீட்டர் சொச்சம் கேபிளில் எதிரொலி போய்த் திரும்ப ஒரு மைக்ரோவிநாடியை ஒட்டித்தான் ஆகும். பிட்டின் நடுவில் வாசிக்கும் சிப்புக்கு அந்த எதிரொலி எப்போதோ அடங்கியிருக்கும். அப்படியானால் கூடுதல் தடை எங்கே கெடுத்தது?

யாரும் பேசாத நேரத்தில் கெடுத்தது. கேட்வே கேட்டு முடித்த பின்னும் மீட்டர் பதில் தொடங்குவதற்கு முன்னும் கம்பியை யாரும் ஓட்டுவதில்லை. அந்த இடைவெளியில் கம்பி தெளிவாக 1 நிலையில் நிற்பதற்காக, கேட்வேயில் 5 வோல்ட்டிலிருந்து ஒரு கம்பிக்கும், மறு கம்பியிலிருந்து பூஜ்ஜிய வோல்ட்டுக்கும் 560 ஓம் தடை ஒவ்வொன்று உண்டு. முனைத்தடை மொத்தம் 60 ஓம் என்றால், 5 வோல்ட்டை 1180 ஓமில் பங்கிட்டு ஏ-பி நடுவே 254 மில்லிவோல்ட் நிற்கும். 200-ஐத் தாண்டிவிட்டது, நிம்மதி. முனைத்தடை 40 ஆனால் அதே கணக்கில் கிடைப்பது 172 மட்டுமே. அமைதியான கம்பி அந்த உத்தரவாதமில்லாத நடுப்பகுதிக்குள் விழுந்துவிடுகிறது.

சப்ளையைத் திரும்பக் கொடுத்து, கேட்வேயின் கேள்விகளை நிறுத்திவிட்டு அளந்தோம். மல்ட்டிமீட்டர் 170 மில்லிவோல்ட் அருகே நின்றது. பெரும்பாலான சிப்புகள் இதையும் 1 என்றே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் நாள் முழுவதும் எல்லாம் ஓடுவது போலவே தெரிந்தது. கையடக்க ஆசிலோஸ்கோப்பை மாட்டிக்கொண்டு, உறைகலன் கம்ப்ரசரை ஓட்டச் சொன்னேன். அதன் மோட்டாரை ஓட்டுவது வி.எஃப்.டி., மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி. மோட்டார் வேகம் பிடிக்கத் தொடங்கியதும், தட்டையாக இருந்த கோட்டின் மேல் முள்முள்ளாகக் கூர்மையான துள்ளல்கள் எழுந்தன. ஒவ்வொரு துள்ளலும் கோட்டை ஒரு கணம் பூஜ்ஜியத்துக்குக் கீழே இழுத்துவிட்டு விட்டது. 254-இல் நின்றிருந்தால் அவற்றில் பல ஒன்றும் செய்திருக்காது. 170-இல் நிற்கும் கம்பியில் கேட்வே அதைப் 'புதிய எழுத்து தொடங்குகிறது' என்று எடுத்துக்கொள்கிறது. மீட்டரின் உண்மையான பதிலுக்கு முன்னால் ஒரு குப்பை பைட் ஒட்டிக்கொள்கிறது. மோட்பஸ் செய்தியின் முடிவில் இரண்டு பைட் சி.ஆர்.சி. இருக்கும், செய்தி குலையாமல் வந்ததா என்று பார்க்கும் சரிபார்ப்பு எண். குப்பையோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் அது பொருந்தாது. கேட்வே முழுச் செய்தியையும் தூக்கி எறிந்துவிடும். மீட்டர் சரியாகத்தான் பதில் சொன்னது, பதில் வந்தும் சேர்ந்தது, ஆனாலும் எடுபடவில்லை. உறைகலன் ஓடும்போது ஆலையின் மறுகோடியிலிருக்கும் முதன்மை மீட்டரும் ஏன் காணாமல் போனது என்பதற்கும் இதுதான் விடை. ஒரே கம்பி, ஒரே காது.

கம்பி போன வழி

டிப் ஸ்விட்சைக் கீழே தள்ளியதும் கம்பி 250 மில்லிவோல்ட்டுக்கு வந்தது, தொலையும் செய்திகள் வெகுவாகக் குறைந்தன. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த முட்கள் கம்பிக்குள் வந்த வழி அப்படியே இருந்தது.

உறைகலன் பக்கம் ஓடிய தகவல் கேபிள் முறுக்கில்லாத சாதாரண கன்ட்ரோல் கேபிள். அதுவும் வி.எஃப்.டி.யிலிருந்து மோட்டாருக்குப் போகும் பவர் கேபிளோடு ஒரே டிரேயில், ஒட்டி உரசிக்கொண்டு, சுவரின் முழு நீளத்துக்கும் போகிறது. முறுக்கிய ஜோடியில் வெளி இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஏறக்குறைய சமமாக ஏறும், வித்தியாசத்தை மட்டும் பார்க்கும் சிப்புக்கு அது தெரியாது. முறுக்கு இல்லாவிட்டால் பவர் கேபிளுக்குப் பக்கத்தில் இருக்கும் கம்பி அதிகம் வாங்கும், மற்றது குறைவாக வாங்கும், மிச்சம் செய்தியோடு கலந்துவிடும். ஐந்தாம் மீட்டரிலிருந்து ஏழாம் மீட்டர் வரை 120 ஓம் தன்மைத்தடை உள்ள, முறுக்கிய, ஷீல்டு போட்ட கேபிளைப் புதிதாக இழுத்தோம். தனி டிரே, பவர் கேபிளைக் கடக்க வேண்டிய இடத்தில் செங்குத்தாக மட்டும். ஷீல்டை ஒரு கோடியில் மட்டும் எர்த் செய்தோம்.

மூன்றாவதாக ஒரு கம்பியும் சேர்த்து இழுத்தோம், பொதுக் கம்பி. இரண்டு கம்பிதானே ஆர்.எஸ்.485 என்று நினைப்பது மிகப் பரவலான பழக்கம். வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது என்றாலும், ஒவ்வொரு கம்பியும் சிப்பின் சொந்தப் பூஜ்ஜியத்திலிருந்து -7 முதல் +12 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற எல்லை உண்டு. இரு கோடிகளின் பூஜ்ஜியங்களும் ஒன்றையொன்று அறியாமல் மிதந்தால் அந்த எல்லை எளிதில் உடையும். கடலோரக் காற்றில் எர்த் இணைப்புகள் துருப்பிடிக்கும் பினாங்கில் இதை நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

கூரை மேலிருந்த எட்டாம் மீட்டர் தனிக் கதை. நாலாம் மீட்டரிலிருந்து அதற்கு டி வடிவில் ஒரு கிளை பிரித்து மேலே ஏற்றியிருந்தார்கள். 9600 வேகத்தில் கிளையின் நீளம் அவ்வளவு தீங்கு செய்யாது என்று மேலே போட்ட கணக்கே சொல்கிறது. என் கவலை இடி. மலேசியாவில் மின்னல் எவ்வளவு விழும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சோலார் தகடுகளுக்குப் பக்கத்தில் விழும் ஒரு மின்னல் அந்தச் செம்புக் கம்பி வழியாக எட்டு மீட்டரையும் கேட்வேயையும் சேர்த்துக் கொண்டுபோகும். அந்தக் கிளையை அறுத்துவிட்டு, மேலே ஒன்று கீழே ஒன்று என மின் செய்தியை ஒளியாக்கும் மாற்றிப் பெட்டிகளை வைத்து, நடுவே உலோகமே இல்லாத கண்ணாடி இழைக் கேபிளை ஓட்டினோம். கேட்வேயின் இரண்டாவது போர்ட் இனிக் கூரைக்கு மட்டும். துணைமின்நிலையங்களில் யார்டிலிருந்து கட்டுப்பாட்டு அறைக்கு இழை ஓட்டுவதற்கும், உயரழுத்தக் கோபுரங்களின் உச்சியில் போகும் எர்த் கம்பிக்குள்ளேயே இழையை வைத்து நெய்வதற்கும் இதே காரணம் பெரிதாகப் பொருந்தும்: கண்ணாடிக்கு எர்த்தும் தெரியாது, மின்னலும் தெரியாது.

அமைப்புகளைச் சரிபார்த்தது சுருக்கமாக முடிந்தது. பாரிட்டி என்பது ஒவ்வொரு எழுத்தோடும் போகும் சரிபார்ப்பு பிட். மோட்பஸ் விதிப்படி இயல்புநிலை ஈவன் பாரிட்டி, ஆனால் பல மீட்டர்கள் பாரிட்டி இல்லாமல்தான் பெட்டியிலிருந்து வருகின்றன. எல்லாவற்றையும் ஈவன் ஆக்கினோம். ஏ, பி என்ற பெயரை எல்லா நிறுவனமும் ஒரே பக்கத்துக்கு வைப்பதில்லை. புதிதாக மாட்டிய மாற்றி வாயே திறக்கவில்லை என்றால் முதலில் இரண்டு கம்பியையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள், எதுவும் எரிந்துவிடாது.

கூரை மீட்டரில் ஒரு நுணுக்கம் இருந்தது. பதில் ஒழுங்காக வருகிறது, சி.ஆர்.சி. பொருந்துகிறது, ஆனால் வோல்ட்டேஜ் பூஜ்ஜியம். வந்த பைட்டுகளை அப்படியே அச்சிட்டுப் பார்த்தேன்: 0000, அப்புறம் 4366 (பதினாறின் அடியில் எழுதிய எண்கள்). ஒரு தசம எண் இரண்டு ரெஜிஸ்டர்களில் (மீட்டர் எண்களை வைத்திருக்கும் இரண்டு பைட் அறைகள்) பாதி பாதியாக வருகிறது. 4366 முன்னாலும் 0000 பின்னாலும் இருந்தால் அது சரியாக 230.0. மாற்றி வைத்துப் படித்தால் கிடைப்பது பூஜ்ஜியத்துக்கு மிக மிக அருகில் ஓர் எண், திரையில் அது 0 என்றுதான் வரும். மற்ற ஏழு மீட்டரும் ஒரு வரிசையில் அனுப்ப, இது மட்டும் எதிர் வரிசை. கேட்வேயில் ஒரு தேர்வை மாற்றியதும் கூரை உயிர்பெற்றது. இதுவும் ஒரு பொய்ப் பூஜ்ஜியம்தான், இன்னொரு வாசல் வழியாக வந்தது.

வேகத்தை 38400-க்கு ஏற்றலாமா என்று அக்காவின் மகன் கேட்டான், கணினி படிக்கிறான். தேவையே இல்லை. 40 ரெஜிஸ்டர் கேட்டால் கேள்வி 8 பைட், பதில் 85 பைட். 9600 வேகத்தில் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 107 மில்லிவிநாடி. மீட்டர் யோசிக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஏழு மீட்டர் சுற்றி வர ஒன்றரை விநாடியை ஒட்டும். நமக்கு வேண்டியது பத்து விநாடிக்கு ஒருமுறை. மெதுவான பிட் இரைச்சலை நன்றாகத் தாங்கும், அதை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

மூன்று பத்திகள்

கம்பி சரியான பிறகுதான் நிரலுக்குத் திரும்பினேன். இனி ஒவ்வொரு வாசிப்பும் மூன்று பத்திகளாகப் பதிகிறது: மதிப்பு, எடுத்த நேரம், நிலை. பதில் வராவிட்டால் மதிப்பு காலி, நிலையில் 'பதில் இல்லை'. சி.ஆர்.சி. தவறினால் 'கெட்ட செய்தி'. வரைபடத்தில் அந்த இடத்தில் கோடு அறுந்து நிற்கும், பூஜ்ஜியத்துக்கு விழாது.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. துணைமின்நிலையங்களுக்கான ஐ.இ.சி. 61850 தரவரையறையில் ஓர் அளவீட்டைத் தனியாக வரையறுப்பதே கிடையாது, அதன் தரமும் நேரமும் கூடவே இருக்கும். கட்டுப்பாட்டு மையங்களுக்குத் தகவல் அனுப்பும் ஐ.இ.சி. 60870-5-104-இலும் 'இது செல்லாது', 'இது பழையது' என்று சொல்லத் தனித்தனி பிட்டுகள் உண்டு. மோட்பஸில்தான் அந்த இடமே இல்லை. 1979-இல் ஒரு இயந்திரத்துக்கும் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் நடுவே பேசப் பிறந்த மொழியிடம் அதைக் கேட்க முடியாது, எனவே கேட்வேயில் நாம் சேர்க்க வேண்டும். இதைச் சேர்க்காமல் மோட்பஸ் எண்களை அப்படியே இணையத்துக்கு ஏற்றித் தரும் பெட்டிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன், எவ்வளவு அழகான திரை வைத்திருந்தாலும்.

இது ஆலை அளவில் பில்லோடு போயிற்று. கிரிட் அளவில் என்ன ஆகும் என்பதற்கு 2003 ஆகஸ்ட் 14 இருக்கிறது. அமெரிக்காவின் ஒஹாயோவில் ஒரு மின் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை தரும் மென்பொருள் மதியம் இரண்டே காலுக்கு உறைந்து நின்றது. நின்றதை யாருக்கும் அது சொல்லவில்லை. எச்சரிக்கை வராததை 'எல்லாம் நலம்' என்று எடுத்துக்கொண்டார்கள். அதற்குள் உயரழுத்தக் கம்பிகள் மரத்தில் உரசி ஒவ்வொன்றாக இணைப்பு இழந்துகொண்டிருந்தன. நாலேகால் மணிக்குள் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஏறத்தாழ ஐந்து கோடிப் பேர் மின்சாரம் இழந்தார்கள். மரமும் காரணம், கம்பியும் காரணம். ஆனால் தடுத்திருக்கக்கூடிய நேரத்தைத் தின்றது அந்த மௌனம். சார்ஜ்மேன் அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் 1996 ஆகஸ்ட் 3-ஐ எடுத்தார். தீபகற்ப மலேசியா முழுவதும் இருண்ட நாள், அவர் வேலைக்குச் சேர்ந்த புதிது. "அன்னைக்கு எங்க என்ன ஆச்சுன்னு எங்களுக்கு ராத்திரி வரைக்கும் தெரியாது, ரேடியோவைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தோம்" என்றார்.

மௌனத்தை மௌனமாகவே காட்ட துணைமின்நிலையத்தில் ஓர் அருமையான வழி வைத்திருக்கிறார்கள். பாதுகாப்பு ரிலேக்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் கூஸ் என்ற செய்தி, பிரேக்கரைத் திறக்கச் சொல்வது போன்ற அவசரத்தில் 3 மில்லிவிநாடிக்குள் போய்ச்சேர வேண்டும். அதைவிட எனக்குப் பிடித்தது அது சும்மா இருக்கும்போது செய்வது. ஒன்றுமே நடக்காதபோதும் 'மாற்றமில்லை, இருக்கிறேன்' என்று திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு செய்தியிலும் 'அடுத்தது இத்தனை நேரத்துக்குள் வரும்' என்ற கெடுவும் இருக்கும். கெடு தாண்டினால் கேட்கும் ரிலே உடனே இணைப்பு போய்விட்டதாக எடுத்துக்கொள்ளும். நம் கேட்வேயிலும் அதைச் சிறிய அளவில் செய்தோம். முதன்மை மீட்டரின் கடைசி நல்ல வாசிப்பு ஒரு நிமிடத்துக்கு மேல் பழையதானால், கேட்வே லோடை நிறுத்தும் உரிமையைக் கைவிட்டு, அலாரம் அடிக்கும். நிறுத்தும் ரிலேக்களையும் இயல்பில் மூடிய தொடர்புக்கு மாற்றினோம். கேட்வே செத்தாலும் குளிர்நீர் இயந்திரம் தன் போக்கில் ஓடும், உறைகலனின் வெப்பக் கட்டுப்பாட்டை யாரும் தடுக்க மாட்டார்கள். எம்.டி. போனால் காசு, உறைகலன் போனால் சரக்கு முழுவதும்.

கூட்டாமல் கழித்தல்

கடைசி மாற்றம் மிகச் சிறியது, ஆனால் இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும் என்று யாருக்கும் சொல்வேன். 30 நிமிடச் சராசரியைக் கிலோவாட் வாசிப்புகளைக் கூட்டி வகுத்துக் கண்டுபிடிக்காதீர்கள். மீட்டருக்குள் கிலோவாட்-மணி எண்ணி ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. அரை மணியின் தொடக்கத்தில் அந்த எண்ணை எடுங்கள், முடிவில் எடுங்கள், கழியுங்கள், இரண்டால் பெருக்குங்கள். நடுவில் எத்தனை செய்தி தொலைந்தாலும் எண்ணி தொலைவதில்லை. வீடுகளுக்கு நம் மின்வாரியமான தெனாகா நேஷனல் பொருத்தி வரும் ஸ்மார்ட் மீட்டரும் இதே அறிவில்தான் நிற்கிறது. 30 நிமிடக் கணக்கை மீட்டரே நேரத்தோடு உள்ளே எழுதி வைத்துக்கொள்ளும். ரேடியோ அந்த நேரம் எட்டாவிட்டால் பிறகு கேட்டு வாங்கிக்கொள்ளலாம். தகவல் வலை அறுந்தால் தாமதம் வரலாம், இழப்பு வரக்கூடாது.

இதற்குக் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். கேட்வேயின் கடிகாரம் மூன்று நிமிடத்துக்கு மேல் பின்தங்கியிருந்தது. நம் அரை மணியும் பில் போடும் மீட்டரின் அரை மணியும் வேறு வேறு இடத்தில் தொடங்கினால், ஒரு பெரிய ஏற்றம் அங்கே ஒரே கட்டத்திலும் இங்கே இரண்டு கட்டத்திலுமாகப் பிரிந்துபோகும். இணையத்திலிருந்து சரியான நேரம் வாங்கும் என்.டி.பி. வழியாக நேரத்தைப் பிடித்து, இணையம் போனாலும் ஓட பேட்டரியோடு ஒரு கடிகாரச் சிப்பும் சேர்த்தோம். நமக்கு ஒரு விநாடித் துல்லியம் தாராளம். உயரழுத்தக் கட்டமைப்பில் அலையின் கோணத்தையே ஊருக்கு ஊர் ஒப்பிடும் ஃபேசர் அளவிகளுக்கு அப்படியில்லை. 50 ஹெர்ட்ஸில் ஒரு பாகை என்பது சுமார் 56 மைக்ரோவிநாடி, எனவே அவை செயற்கைக்கோளிலிருந்து நேரம் வாங்குகின்றன.

அடுத்த பில் வந்தபோது அக்கா இரண்டு தாளையும் மீண்டும் பக்கத்தில் வைத்தார். இரண்டு எம்.டி.யும் ஒரு விழுக்காட்டுக்குள் ஒத்துப்போயின. உச்சமும் இறங்கியிருந்தது, ஏனென்றால் கேட்வே இப்போது உண்மையான எண்ணைப் பார்த்துக் குளிர்நீர் இயந்திரத்தைத் தள்ளி வைக்கிறது. மின்வாரிய மீட்டர் முதல் நாளிலிருந்தே சரியாகத்தான் இருந்தது. அதை அக்காவிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன், புகார்க் கடிதம் ஒன்று தயாராக இருந்தது.

பேனல் கதவின் உட்பக்கம் ஒரு தாளை லேமினேட் செய்து ஒட்டியிருக்கிறோம். எட்டு மீட்டரின் முகவரிகள், வேகம், பாரிட்டி, எந்த இரண்டு இடத்தில் மட்டும் முனைத்தடை, கூரை மீட்டரின் தலைகீழ் வரிசை, கேபிள் போகும் வழியின் படம். அடியில் இரண்டு எண்கள்: அணைத்துவிட்டு அளந்தால் 57 ஓம், ஓடவிட்டு யாரும் பேசாதபோது அளந்தால் 250 மில்லிவோல்ட். அடுத்து மின்சார வேனுக்கு ஒரு சார்ஜர் வாங்கப் போகிறார்கள். ஒன்பதாம் மீட்டர் அதற்கு வரும், வருபவர் முதலில் அந்த இரண்டு எண்ணையும் சரிபார்த்துவிட்டுக் கம்பியில் கை வைக்கட்டும் என்று அண்ணன் தன் கையாலேயே சிவப்பு மையில் அடிக்கோடு போட்டார்.